மூன்றாவது கூடத்தில் ஒரு நல்வரவு

எங்களை நான்கு மணிக்கு வரச் சொன்ன மனிதர் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் தோலுரித்த ஆடுகள், நடுவில் அவர். கொக்கி முதுகில் நுழைந்து தோள்பட்டைக்கு மேலே வெளியே வந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. மைனஸ் பதினெட்டு டிகிரியில் ரத்தம் வழியாது, கருஞ்சிவப்பாக உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

"அண்ணி, இவர் நேரம் தவறாத ஆளுன்னு சொன்னீங்க. சொன்ன இடத்துல சொன்ன நேரத்துக்கு இருக்கார்."

"வாயை மூடு தம்பி. பின்மண்டையைப் பாரு."

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. துப்பறியும் நிறுவனம் அவருடையது. நான் உதவியாளன், டிரைவர், அடி விழும் இடங்களில் முதலில் நிற்க வேண்டியவன். முறைப்படி அவரை அண்ணி என்று கூப்பிடும் உரிமை எனக்கு மட்டும்தான். ஆனால் போலீஸ் இலாகா முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. என்னை ஓட்டைவாய் என்று கூப்பிடுகிறது.

செத்துப்போனவர் இந்தக் குளிர்பதனக் கிடங்கின் கணினி நிர்வாகி. நானூறு தொழிலாளர்கள், அறுபது கணினிகள், அத்தனைக்கும் அவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் 'சிஸ்டம் சார்'. அன்று காலை பத்து மணிக்குத்தான் அண்ணிக்கு போன் செய்திருந்தார். "கெட்டுப்போன கறிக்கு யாரோ கம்ப்யூட்டர்ல தேதி மாத்தி வெளியே அனுப்பறாங்க மேடம். பேரை போன்ல சொல்ல மாட்டேன். நாலு மணிக்கு வாங்க, காட்டறேன்."

காட்ட முடியாதபடி யாரோ செய்துவிட்டார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே தொழிலாளர்கள் பிணத்தைப் பார்த்துவிட்டார்கள், போலீஸும் வந்திருந்தது. பின்மண்டை உள்வாங்கியிருந்தது. உடைந்த இடத்தைச் சுற்றித் தோலில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"சல்லடையால அடிச்ச மாதிரி இருக்கு," என்றேன்.

"சல்லடையால அடிச்சா மண்டை உடையுமா?" என்றார் அண்ணி. கதவருகே மாட்டியிருந்த வட்டத் தாளைப் பார்த்தார். உள்ளே எவ்வளவு குளிர் என்று பேனா ஒன்று நாள் முழுக்க அதில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். மத்தியானம் இரண்டு மணி ஐந்து நிமிடத்திலிருந்து இரண்டே கால் வரை கோடு மேலே ஏறி இறங்கியிருந்தது.

"அந்தப் பத்து நிமிஷம் கதவு திறந்திருந்திருக்கு. அப்போதான் தூக்கி மாட்டியிருக்கான்."

அந்த நேரத்தில் வெளியே யாரோ அலறினார்கள். மனிதக் குரல் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடி ஆனது.

ஒன்றாவது கூடம். பேக்கிங் நடக்கும் இடம். நடுவே ஒரு நாற்காலியில், பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். இடது கை, மூட்டே இல்லாத இடத்தில் மடங்கியிருந்தது. முன்பற்கள் இரண்டைக் காணோம். சுற்றிலும் சுமை தூக்குபவர்கள் ஐம்பது பேர், கையில் கிடைத்ததோடு நின்றார்கள். இன்ஸ்பெக்டரும் இரண்டே இரண்டு கான்ஸ்டபிள்களும் நடுவில் அணை கட்டியிருந்தார்கள். அந்த அணை எப்போது உடையும் என்று பார்த்தாலே தெரிந்தது.

"கொலைகாரன் கிடைச்சாச்சு அண்ணி," என்றார் இன்ஸ்பெக்டர். "செத்தவரோட மச்சான். பொண்டாட்டியோட தம்பி. இங்கேயே லோடு ஏத்தறவன். காலையில கேண்டீன்ல மாமனோட சண்டை. 'உன்னைக் கொக்கியில மாட்டித் தொங்க விடலைன்னா பாரு'ன்னு எல்லார் முன்னாடியும் கத்தியிருக்கான். மத்தியானம் அவர் கொக்கியில தொங்கறார். இதுக்கு மேல என்ன வேணும்?"

"பல்லை யார் உடைச்சது? நீங்களா?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சிருச்சு." குரலைத் தாழ்த்தினார். "அதோ உட்கார்ந்திருக்குதே, அவனோட அக்கா. அதுவும் இங்கேதான் பேக்கிங்ல வேலை பார்க்குது. புருஷனைப் பார்த்துட்டு நேரா வந்து, உறைஞ்ச கறிக்கட்டியை எடுத்து, தம்பி வாயிலேயே ஒண்ணு போட்டிருக்கு. முதல் அடி அதோடதுதான். மத்தவங்க அப்புறம்தான் கை வெச்சாங்க."

அந்தப் பெண் ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் அந்தத் தடிமனான கையுறை. அழவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அண்ணி நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ரெண்டு மணிக்கு எங்கேப்பா இருந்தே?"

"மூணாவது கூடத்துல." பல் போன வாயில் வார்த்தைகள் காற்றாக வந்தன. "கம்ப்யூட்டர்ல என் லோடு கணக்கைப் போடப் போனேன். சாப்பாட்டு பெல்லு முடிஞ்ச உடனே. அது என்னென்னவோ கேட்டுச்சு. பத்து நிமிஷம் அதோட போராடிட்டு விட்டுட்டு வந்துட்டேன்."

"என்ன கேட்டுச்சு?"

"ஒரு பொம்மை கையை ஆட்டுச்சு. 'நல்வரவு'ன்னு போட்டுச்சு. அப்புறம், 'எப்பவும் என்னையே திறக்கணுமா'ன்னு கேட்டுச்சு. அப்புறம், பழைய இடத்துல இருந்து எல்லாத்தையும் கொண்டு வரவான்னு கேட்டுச்சு. எனக்கு ஏதுங்க பழைய இடம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முன்னால் வந்தவர் கிடங்கு மேனேஜர். ஐம்பது வயது, வெள்ளைக் கோட்டு, கணீரென்ற குரல்.

"மேடம், இவன் புளுகறதுக்கு இது ஒண்ணே போதும். புதுசா ஒருத்தர் பிரவுசரைத் திறந்தா அந்த மாதிரி நல்வரவு, கேள்வி எல்லாம் வரும், வாஸ்தவம்தான். ஆனா இந்தக் கம்பெனியில வராது. ஆளுங்க மாறிக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தனையும் அது நலம் விசாரிச்சா எப்போ லோடு ஏத்தறது? அதை சிஸ்டம் சார் மேல இருந்தே நிறுத்திட்டார். எந்தக் கம்ப்யூட்டர்ல எவன் நுழைஞ்சாலும் நேரா சரக்குப் பக்கம்தான் திறக்கும்."

"எனக்காகத்தான் நிறுத்தினார்," என்றாள் அந்தப் பெண், யாரையும் பார்க்காமல். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல, இந்தக் கையுறையோட அதையெல்லாம் அமுக்க முடியலை. வீட்டுல போய், 'உங்க கம்ப்யூட்டர் நான் யாரோன்னு கேள்வி கேட்குது'ன்னு திட்டினேன். மறுநாளே நானூறு பேருக்கும் நிறுத்திட்டார்." பிறகு தம்பியைப் பார்த்தாள். "அவர் வேலை மேலேயே பொய் சொல்றான் பாருங்க. கொல்லுங்க இவனை."

கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது. பின்வரிசையிலிருந்து பறந்து வந்த இரும்புத் துண்டு ஒன்று அவன் முழங்காலில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் லத்தியைச் சுழற்றினார். "அண்ணி, பத்து நிமிஷம் தர்றேன். அதுக்கு மேல இவனை வண்டியில ஏத்தியாகணும். வண்டி வரைக்கும் இவன் உசுரோட வருவானான்னு எனக்கே சந்தேகம்தான்."

அண்ணி எழுந்திருக்கவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். நெட் பார்க்க முடியாத, பொத்தான் வைத்த பழைய போன்.

"இங்கே சேர்றதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கியா?"

"இல்லீங்க. இங்கேதான் மொதல்ல."

அண்ணி என்னைத் தனியே இழுத்தார். "கேட்டியா தம்பி? இவன் வாழ்க்கையிலே தொட்டது இந்தக் கம்பெனி கம்ப்யூட்டரை மட்டும்தான். இந்தக் கம்பெனியில அந்த நல்வரவு வரவே வராது. அப்போ அந்தப் பொம்மை கையாட்டினதை இவன் எங்கே பார்த்தான்?"

"கனவுல?"

"பொய் சொல்றவன் தெரிஞ்சதை வெச்சுத்தான் பொய் சொல்வான். 'கக்கூஸ்ல இருந்தேன்'னு சொல்லியிருப்பான். தெரியாததை வரி வரியாச் சொல்றான்னா, பார்த்திருக்கான்னு அர்த்தம்."

மூன்றாவது கூடம் கிடங்கின் மறுகோடியில், லாரிகள் வந்து நிற்கும் வாயிலருகே இருந்தது. ஓர் எஃகு மேஜை, அதன் மேல் ஒரு கணினி. அவ்வளவுதான். தரை மட்டும் மற்ற கூடங்களைவிடச் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் யாரோ தண்ணீர் அடித்துக் கழுவிய மாதிரி.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிள்களைக் காவலுக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்தார். மேனேஜரும் வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. "நானே காட்டறேன் மேடம்," என்று முந்திக்கொண்டு உட்கார்ந்தார். தன் எண்ணை அடித்தார், கடவுச்சொல்லை அடித்தார், பிரவுசரைத் திறந்தார். பொம்மையும் இல்லை, கேள்வியும் இல்லை. நேராகச் சரக்குப் பக்கம், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி.

"பார்த்தீங்களா? ஏதாவது கேட்டுச்சா?"

"கேட்கலை," என்றார் இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "முடிஞ்சுது. ஓட்டைவாய், உங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டு கிளம்பு."

அண்ணி தோற்று நான் பார்த்தது குறைவு. பார்த்த இரண்டு முறையும் யாரோ செத்தார்கள்.

அண்ணி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினிப் பெட்டியைச் சுற்றி, ஒரு விரல் அகலத்துக்குத் தூசியே இல்லாத ஒரு பட்டை. அதற்கு அப்பால் பல வருஷத் தூசி. இப்போது நிற்கிற பெட்டியைவிடப் பெரிய ஒன்று அங்கே ரொம்ப நாள் நின்றிருக்கிறது.

"மேனேஜர் சார், உங்க கோட்டு ரொம்ப வெள்ளையா இருக்கே. மடிப்பு கூடக் கலையலை."

"சுத்தமா இருக்கறது தப்பா மேடம்?"

"சாயங்காலம் நாலரை மணிக்குக் கறிக் கிடங்குல தப்புதான்." திரும்பினார். "தம்பி, அந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா."

அவளை அழைத்துவருவது சுலபமாக இல்லை. மாட்டேன் என்றாள். உங்க வீட்டுக்காரர் செஞ்ச வேலையைப் பற்றித்தான் என்றேன். வந்தாள். அவள் பின்னாலேயே பத்துப் பதினைந்து சுமைக்காரர்களும் வந்தார்கள்.

"இந்த கம்ப்யூட்டரை எப்பவாவது தொட்டிருக்கீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"ஒண்ணாவது கூடத்தை விட்டு நான் வந்ததே இல்லை."

"உங்க நம்பரைப் போட்டு பிரவுசரைத் திறங்க."

"எதுக்கும்மா இந்த நேரத்துல..." என்று மேனேஜர் எழுந்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அன்பாகத்தான்.

அவள் கையுறையைக் கழற்றினாள். குளிரில் வெடித்த விரல்கள். தன் எண்ணை ஒற்றை விரலால் அடித்தாள். பிரவுசரைத் திறந்தாள்.

திரை ஒரு நொடி வெள்ளையாக இருந்தது. பிறகு ஒரு பொம்மை வந்து கையை ஆட்டியது. *நல்வரவு! தொடங்கலாமா?*

அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். *எப்போதும் என்னையே திறக்கட்டுமா?* இன்னொன்றை அமுக்கினாள். *பழைய இடத்திலிருந்து எல்லாவற்றையும் கொண்டு வரட்டுமா?*

"இது வராதே," என்றாள். "அவர் நிறுத்தி வெச்சது இது. வராதே."

"அவர் கை வெச்ச மெஷின்ல வராது," என்றார் அண்ணி. "இது அவர் கை வெச்ச மெஷின் இல்லை. இன்னிக்கு மத்தியானம்தான் இங்கே வந்திருக்கு. புது மெஷினை கம்பெனி நெட்வொர்க்ல சேர்க்கறது ஒரு வேலை. அதை அவரோட லிஸ்ட்ல போட்டு, கேள்வியை நிறுத்தறது தனி வேலை. முதல் வேலை இங்கே பல பேருக்குத் தெரியும். ரெண்டாவதை அவர் ஒருத்தர்தான் செய்வார். அவர் அப்போ செத்துக் கிடந்தார்."

"ஆனா இவருக்கு வரலையே?" என்றார் இன்ஸ்பெக்டர், மேனேஜரைக் காட்டி.

"அதைத்தான் நானும் கேட்கறேன். இந்த மெஷின் புதுசா வர்ற ஒவ்வொருத்தரையும் ஒருதடவை விசாரிக்கும். நீங்க எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடிச்சா, உங்களை மட்டும் அப்புறம் விசாரிக்காது. அந்தப் பையன் பாதியில விட்டுட்டு ஓடிட்டான். அந்த அம்மாவை இப்போ விசாரிக்குது. ஆனா மேனேஜரை மட்டும் பழைய சிநேகிதன் மாதிரி உள்ளே விட்டுச்சு. மாட்டி வெச்சுட்டு, வேலை செய்யுதான்னு முதல்ல பார்த்த ஆளு அவர்தான். தனக்குக் கேள்வி நின்னதும் ஊருக்கே நின்னுருச்சுன்னு நினைச்சார். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டுடுமாம்."

"இங்கே நல்வரவு கிடைச்சவங்கதான் நிரபராதி," என்றேன். எனக்கே அது பிடித்திருந்தது.

"பழைய பெட்டியோட முதுகுல காத்துப் போக வரிசையா ஓட்டை இருக்கும்," அண்ணி இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "பிணத்தோட மண்டையில இருக்கற வரிசை அதுதான். சாப்பாட்டு நேரம், கூடத்துல ஆள் இல்லை. தேதி மாத்தினது இவர்தான். அதை அவர் இந்த மேஜையில வெச்சு இவருக்கே காட்டியிருக்கார். என்கிட்டே சொல்றதுக்கு முன்னாடி, இவர்கிட்டேயே நேர்ல ஒரு வார்த்தை கேட்டுடணும்னு நினைச்சிருக்கார். நல்ல மனுஷங்க செய்யற தப்பு அதுதான். இவர் அந்தப் பெட்டியையே தூக்கி..."

மேனேஜர் அவரை முடிக்க விடவில்லை. மேஜைக்கு அடியில் தொங்கிய கைக்கொக்கியை, மூட்டையைக் குத்தித் தூக்குவார்களே அதை, ஒரே இழுப்பில் எடுத்தார். அவர் பாய்ந்தது அண்ணியின் மேல் இல்லை. திரை முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் கழுத்தை நோக்கி.

நான் கையை நீட்டினேன். வீரம் எல்லாம் இல்லை, கை தானாக நீண்டது. கொக்கி என் முன்கையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. வலி வருவதற்கு முன்னால் சூடு வந்தது. அவர் கொக்கியைத் திருகி இழுத்தார். நான் அம்மா என்று கத்தியபடி அவரோடு சேர்ந்தே இழுபட்டுத் தரையில் விழுந்தேன். மறுகையால் என் முகத்தில் மூன்று முறை குத்தினார். மூக்கு உடைந்த சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. இன்ஸ்பெக்டரின் லத்தி அவர் முதுகில் விழுந்து இரண்டாக முறிந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"தம்பி, காலைத் தூக்கு!"

தூக்கினேன். சரக்குப் பலகைகளைத் தள்ளும் இரும்பு வண்டி, இரண்டு நீண்ட கம்பிகளை முன்னால் நீட்டிக்கொண்டு தரையோடு தரையாக வந்தது. பின்னால் அண்ணி, முழு எடையையும் கொடுத்துத் தள்ளிக்கொண்டு. கம்பிகள் மேனேஜரின் கணுக்கால்களில் மோதின. காய்ந்த கழி முறிகிற சத்தம், இரண்டு முறை. அவர் என் மேலேயே விழுந்தார். விழுந்தும் கொக்கியை விடவில்லை. அண்ணி அவர் மணிக்கட்டின் மேல் ஏறி நின்று, விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்.

"பார்த்து அண்ணி, கொக்கி மாட்டின இந்தக் கையும் எனக்கு வேணும்," என்றேன். "சம்பளம் வாங்க."

சுமைக்காரர்கள் அப்போதுதான் மூச்சு விட்டார்கள். மறு நொடி அத்தனை பேரும் மேனேஜரின் மேல் விழுந்தார்கள். அதே கைகள், அதே இரும்புகள், அதே ஆத்திரம். ஆளை மட்டும்தான் மாற்றியிருந்தார்கள். ஒருவன் அவர் முகத்தில் மிதித்தான். இன்னொருவன் கொக்கியைத் தேடினான்.

அண்ணி நடுவில் புகுந்தார். ஒரு கம்பி அவர் தோளில் விழுந்தது. தள்ளாடினார், விலகவில்லை.

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அவன்தான் கொலைகாரன்னு சத்தியம் பண்ணினீங்க!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. "கையை உடைச்சீங்க, காலை உடைச்சீங்க. அவன் செத்திருந்தா இப்போ யாரை அடிச்சிருப்பீங்க?"

கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அவமானத்தில் தாழ்ந்ததா, களைத்துத் தாழ்ந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். கால் மணி நேரத்தில் கான்ஸ்டபிள் மேனேஜரின் அலமாரியை உடைத்தார். பழைய கணினி உள்ளே இருந்தது, ரத்தம் தோய்ந்த வெள்ளைக் கோட்டில் சுற்றி. அதன் முதுகில் ஓட்டைகள், வரிசை வரிசையாக. ஓட்டைகளில் தலைமுடி.

அந்தப் பெண் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஒன்றாவது கூடத்துக்கு ஓடினாள். என் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நானும் பின்னால் போனேன். ஆம்புலன்ஸ் அங்கேதான் வரும் என்றார்கள்.

அவன் அந்த நாற்காலியிலேயே இருந்தான். யாருக்கும் அவிழ்த்துவிடத் தோன்றவில்லை. அவள் பெட்டி வெட்டும் கத்தியை எடுத்துப் பட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். அவசரத்தில் தன் கட்டைவிரலையும் அறுத்துக்கொண்டாள். கடைசிப் பட்டை அறுந்ததும் அவன் முன்னால் சரிந்தான். அவள் மார்பில் தாங்கிக்கொண்டாள்.

"நீ இல்லைடா. மேனேஜர்டா. நீ சொன்னது அத்தனையும் நிஜம்டா. நான்தான்... நான்தான் கேட்கலை."

அவன் தலையை நிமிர்த்தினான். உதட்டிலிருந்து ரத்தம் தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அவள் கையைத் தூக்கினாள்.

அவன் உடைந்த கையோடு சேர்த்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அவள் கை அப்படியே நின்றது.

"அடிக்கலைடா," என்றாள்.

"தெரியும்க்கா," என்றான் அவன், கைகளுக்குப் பின்னாலிருந்து.

ஆனால் கைகளை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, தூக்குப் படுக்கையில் கிடத்தி, கதவைச் சாத்தும்வரை எடுக்கவில்லை. நான் அதே வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்தேன். வழி முழுக்கச் சொல்வதற்கு எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.